வில்லிங்ஹாம் வழக்கு: தீ வைத்தது யார் என்பது அப்புறம், யாராவது வைத்தார்களா?

திண்ணைவாசி எழுதியது:

மரண தண்டனை இழையில் பேச்சு எங்கெங்கோ போய்விட்டதால் இதைத் தனியாகப் பிரிக்கிறேன். அங்கே சுடலை அண்ணாச்சி போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தார்: //டெக்சாஸில் பெற்ற பிள்ளைகள் மூன்றையும் எரித்துக் கொன்றவனுக்குக்கூட ஒரு கூட்டம் கொடி பிடிக்கிறது.// அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். ஏன் என்று சொல்கிறேன்.

1991 டிசம்பர் 23. டெக்சாஸ் மாநிலத்தில் கோர்சிகானா என்ற சிற்றூர். காலை பத்து மணிக்கு மேல் இருக்கும். கேமரன் டாட் வில்லிங்ஹாம், வயது 23, வேலையில்லாத கார் மெக்கானிக், வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கலாம் என்று மனைவி வெளியே போயிருக்கிறார். வீட்டில் இரண்டு வயது மூத்த மகள், ஒரு வயது இரட்டைப் பெண்கள். மூத்தவள் "டாடி, டாடி" என்று கத்தியதில் விழித்ததாகவும், வீடெல்லாம் புகையாக இருந்ததாகவும், பிள்ளைகளின் அறைக்குள் போய்த் தரையில் தடவிப் பார்த்தும் யாரும் கைக்கு அகப்படவில்லை என்றும், தலைமுடியில் தீப்பிடித்ததும் வெளியே ஓடி வந்துவிட்டதாகவும் அவர் சொன்னார். மூன்று குழந்தைகளும் புகை மூச்சில் போய் இறந்துவிட்டார்கள்.

இரண்டு வாரத்தில் கைது. 1992 ஆகஸ்டில் விசாரணை, மொத்தமே இரண்டு நாள். ஜூரிகளுக்கு முடிவெடுக்க ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. அதற்கு முன்பே அரசுத் தரப்பு பேரம் பேசியிருந்தது: குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஆயுள் தண்டனையோடு விட்டுவிடுகிறோம் என்று. செய்யாததை ஒப்புக்கொள்ள முடியாது என்று மறுத்துவிட்டார். 2004 பிப்ரவரி 17 அன்று ஹன்ட்ஸ்வில்லில் விஷ ஊசி போட்டார்கள். அப்போது வயது 36.

அவர் நல்ல மனிதர் என்று நான் வாதாடப் போவதில்லை. நல்ல மனிதர் இல்லை. என் கேள்வி அதற்கு முந்தையது. ஒரு கொலை வழக்கில் வழக்கமாக "யார் செய்தது" என்றுதான் சண்டை வரும். இங்கே கொலை என்று ஒன்று நடந்ததா என்பதே சந்தேகம். தீ தானாகப் பிடித்திருந்தால் குற்றவாளியும் இல்லை, குற்றமும் இல்லை.

நெல்லை_சுடலை எழுதியது:

வந்துட்டேன் திண்ணை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபிறகு வராமல் இருந்தால் மரியாதை இல்லை.

வீடு எரிகிறது. மூன்று பிள்ளைகள் உள்ளே. இவன் என்ன செய்தான்? வாசலில் நின்ற காரை நெருப்பிலிருந்து தூரமாக நகர்த்தி நிறுத்தினான். நான் சொல்லவில்லை, அண்டை வீட்டுக்காரர்கள் சொன்னது. அதை அவனும் மறுக்கவில்லை. வெறுங்காலோடு அந்த எரிகிற நடையைத் தாண்டி ஓடி வந்திருக்கிறான், உள்ளங்காலில் ஒரு கொப்புளம் இல்லை. மூத்த பிள்ளை எங்கே கிடந்தது தெரியுமா? அவனுடைய படுக்கை அறையில்! அவன் தூங்கி எழுந்த அதே அறையில். பிள்ளை தேடினேன் தேடினேன் என்றால் எங்கே தேடினான்?

சமையலறைப் பின்கதவை மறித்தபடி ஃப்ரிட்ஜ் நின்றது. பிள்ளைகள் பேரில் இன்சூரன்ஸ் இருந்தது. கட்டின பெண்டாட்டியை, அவள் கர்ப்பமாக இருந்தபோதுகூட, அடித்தவன். தீ விசாரணை அதிகாரி ஒருவருக்கு இருவர் வந்து பார்த்து, பெட்ரோல் மாதிரி ஏதோ ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார்கள் என்று இருபதுக்கு மேல் அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். இத்தனையும் ஒரே ஆள் மேல் வந்து விழுந்தால் அதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அரைடிக்கெட் எழுதியது:

பாப்கார்னோடு ஆஜர். 🍿

ஓய்வுபெற்ற_ஏணி எழுதியது:

பொதுவாக இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதோடு சரி. தீ என்று வந்ததால் எழுதுகிறேன். 31 வருடம் தீயணைப்புத் துறையில் இருந்தேன், ஃபயர்மேனாகச் சேர்ந்து ஸ்டேஷன் ஆபீசராக ஓய்வு பெற்றேன்.

சுடலை சார், அந்த உள்ளங்கால் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அது நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிர்.

அறைக்குள் தீப்பிடித்தால் சூடு மேலே போகும், புகையும் மேலே போகும். கூரைக்கு அடியில் கறுப்பாக ஒரு படலம் கட்டும். அது நிமிடத்துக்கு நிமிடம் தடித்துக் கீழே இறங்கும். நின்றுகொண்டிருப்பவன் தலை அந்தப் படலத்துக்குள் இருக்கும். முட்டி போட்டால் மூச்சு விடலாம். தரையில் குப்புறப் படுத்தால் அங்கே காற்று கிட்டத்தட்டக் குளிர்ச்சியாகவே இருக்கும். அந்தக் கட்டத்தில் வெளியே ஓடுகிறவனுக்கு முதலில் கருகுவது தலைமுடி. கடைசியில்தான் கால். அவருக்கு முடி கருகியிருந்தது, கால் கருகவில்லை என்றால் அவர் சொன்ன நேரத்தோடு அது பொருந்துகிறது. தரையில் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கொளுத்திவிட்டு அதன் வழியாக ஓடியிருந்தால்தான் கால் போயிருக்கும்.

இனி அந்தப் படலம் இறங்கிக்கொண்டே வருகிறதல்லவா, ஒரு கட்டத்தில் அதன் வெக்கை அறையில் உள்ள எல்லாப் பொருள் மீதும் அடித்து, மெத்தை, திரைச்சீலை, தரைவிரிப்பு எல்லாம் ஆவி விடத் தொடங்கும். அப்புறம் ஒரே நொடி. அறையில் ஒரு மூலை எரிந்துகொண்டிருந்தது போய், அறையே எரியும். ஃபிளாஷ்ஓவர் என்பார்கள். ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். கறுப்புப் புகை தளதளவென்று வந்துகொண்டிருந்த ஜன்னல், யாரோ ஸ்விட்ச் போட்டதுபோல ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது. அதற்குள் நிற்கும் யாரும் பிழைப்பதில்லை, முழுச் சீருடையில் இருக்கும் நாங்கள் உட்பட.

ஃபிளாஷ்ஓவர் நடந்தபிறகு தரையும் எரியும். திட்டுத் திட்டாக, குட்டை குட்டையாக, ஏதோ ஊற்றியதுபோலவே எரியும். இங்கேதான் அந்த அதிகாரிகள் வழுக்கி விழுந்தார்கள் என்பது என் அபிப்பிராயம். அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

திண்ணைவாசி எழுதியது:

ஏணி ஐயா, இதற்குத்தான் உங்களைப் போன்றவர்கள் எழுத வேண்டும் என்கிறோம்.

ஐயா சொன்னதோடு ஒரு சம்பவத்தைச் சேர்க்கிறேன். 1990இல் ஃப்ளோரிடா மாநிலம் ஜாக்சன்வில்லில் லைம் தெருவில் ஒரு வீடு எரிந்து ஆறு பேர் இறந்தார்கள். தப்பி வந்த கணவர் மீது கொலைக் குற்றச்சாட்டு. தரையில் அதே "ஊற்றிய" தடங்கள். அரசுத் தரப்பு தன் வழக்கை உறுதிப்படுத்திக்கொள்ளவே ஜான் லென்டினி, ஜான் டிஹான் என்ற இரு நிபுணர்களைக் கூப்பிட்டது. பக்கத்திலேயே அதே அமைப்பில் இன்னொரு வீடு இடிக்கப்படுவதற்காகக் காலியாக நின்றது. அதில் அதே மாதிரி சோபா, அதே மாதிரி தரைவிரிப்பு போட்டு, எந்த எண்ணெயும் இல்லாமல் சோபாவில் தீ வைத்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் அறை மொத்தமும் பற்றிக்கொண்டது. அணைத்துவிட்டுப் பார்த்தால் தரையில் அதே தடங்கள்! அந்தக் கணவர் மீதான வழக்கைக் கைவிட்டார்கள். குற்றம் சாட்ட வந்த நிபுணர்களே எதிர்த்திசையில் திரும்பிப் போன கதை. இது நடந்தது 1991இல், கோர்சிகானா வீடு எரிந்த அதே வருடம்.

கண்ணாடி விஷயமும் அப்படித்தான். ஜன்னல் கண்ணாடியில் சிலந்தி வலைபோல நுண்ணிய விரிசல் இருந்தால், எண்ணெய் ஊற்றியதால் தீ வேகமாகச் சூடேறியிருக்கிறது என்பது அந்தக் காலத்துப் பாடம். 1991இல் கலிஃபோர்னியாவில் ஓக்லாந்து மலைக் காட்டுத்தீயில் எரிந்த வீடுகளில் 50ஐ லென்டினியும் மற்றவர்களும் ஆராய்ந்தார்கள். காட்டுத்தீ, எண்ணெய் ஊற்ற ஆளே இல்லை. ஆனாலும் பன்னிரண்டு வீடுகளில் அதே விரிசல். சோதனைச் சாலையில் வைத்துப் பார்த்தபோது, சூடேற்றுவதால் அது வரவில்லை, சூடான கண்ணாடி மேல் தண்ணீர் பட்டுச் சட்டென்று குளிர்ந்ததால் வந்தது.

ஓய்வுபெற்ற_ஏணி எழுதியது:

அரிக்கேன் விளக்கு வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதற்குச் சோதனைச் சாலை வேண்டாம். எரிகிற விளக்கின் சிம்னியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று அம்மாவிடம் அடி வாங்கிக் கற்றுக்கொண்டிருப்போம். எரிகிற வீட்டுக்குள் தண்ணீரைப் பீய்ச்சியவர்கள் நாங்கள். அந்தக் கண்ணாடியை விரிசல் விட வைத்ததும் நாங்களே.

நெல்லை_சுடலை எழுதியது:

தீயைப் பற்றி ஏணி சார் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், அதில் நான் வாய் திறக்க முடியாது. ஆனால் ரசாயனப் பரிசோதனையில் எரிபொருள் கிடைத்தது என்று படித்தேனே, அதற்கு என்ன பதில்? கார்? ஃப்ரிட்ஜ்? இன்சூரன்ஸ்? பிள்ளை அவன் அறையிலேயே கிடந்தது?

திண்ணைவாசி எழுதியது:

ஒவ்வொன்றாக வருகிறேன் அண்ணாச்சி.

வீட்டில் பல இடங்களில் மாதிரி எடுத்தார்கள். கிடைத்தது ஒரே இடத்தில், முன்வாசல் படி ஓரம். கிடைத்த பொருள் மினரல் ஸ்பிரிட், கரி அடுப்பைப் பற்றவைக்கும் திரவத்தில் இருப்பது. அந்த முன்வாசலில் கரி அடுப்பு ஒன்று இருந்தது, தீக்கு முன்னால் எடுத்த புகைப்படத்திலேயே தெரிகிறது. அந்தத் திரவத்தின் டப்பாவும் அங்கே கிடந்தது. தண்ணீர் பீய்ச்சியபோது அது எங்கெங்கே ஓடியதோ. பிள்ளைகளின் அறையில், நடையில், அதிகாரிகள் "ஊற்றினார்கள்" என்று காட்டிய இடங்களில் எடுத்த மாதிரிகளில் எதுவும் இல்லை.

இன்சூரன்ஸ் மொத்தம் 15,000 டாலர். பாலிசி எடுத்துப் பணம் கட்டியவர் மனைவியின் தாத்தா, முதல் பயனாளியும் அவரே. அந்தச் சமையலறையில் இரண்டு ஃப்ரிட்ஜ்கள் இருந்தன, அதில் ஒன்று கதவருகே நின்றது. அதற்கும் தீக்கும் சம்பந்தமில்லை என்று வழக்கை விசாரித்த துப்பறிவாளரே பிற்பாடு சொல்லிவிட்டார்.

மூத்த மகள் அவர் அறையில் கிடந்தது மனதைப் பிசைகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவளுடைய சத்தம் கேட்டு இவர் எழுந்து, அவளை வெளியே போகச் சொல்லிவிட்டு, இரட்டைப் பிள்ளைகளின் அறைப் பக்கம் போகிறார். இரண்டு வயதுக் குழந்தை வெளியே போகுமா? அப்பா படுத்திருந்த இடத்துக்கு வரும். புகையில் ஒருவரை ஒருவர் தாண்டிப் போயிருப்பார்கள். நிச்சயம் அப்படித்தான் நடந்தது என்று சொல்லவில்லை. அவள் அங்கே கிடந்ததை வைத்து இவர் தீ வைத்தார் என்ற முடிவுக்கு எப்படி வர முடியும் என்றுதான் கேட்கிறேன்.

காரைப் பற்றி ஏணி ஐயா சொல்லட்டும்.

ஓய்வுபெற்ற_ஏணி எழுதியது:

காரை நகர்த்தியது எனக்கு ஆச்சரியமே இல்லை. கார் வெடித்துவிடும் என்று பயந்திருக்கலாம்.

தீயிலிருந்து வெளியே வந்தவர்கள் செய்கிற காரியத்துக்கு அர்த்தம் தேடாதீர்கள். ஓலைக்கூரை வீடு எரிந்த ஒரு ஊரில், தலையணையை இடுப்பில் வைத்து ஆட்டிக்கொண்டு நின்ற ஒரு தாயைப் பார்த்திருக்கிறேன். குழந்தை உள்ளே இருந்தது. எங்கள் ஆள் ஒருவர் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு போய்த் தூக்கி வந்தார், பிழைத்துவிட்டது. அந்தத் தாய் அதன்பிறகும் தலையணையைக் கீழே வைக்கவில்லை. குழந்தை இறந்துபோயிருந்தால் ஊர் அவளைப் பற்றி என்ன பேசியிருக்கும் என்று அப்போதே தோன்றியது.

கறுப்பு_அங்கி எழுதியது:

மதுரையில் குற்றவியல் பக்கம் வக்கீலாக இருக்கிறேன். எனக்கு இந்த வழக்கில் தீயைவிடச் சாட்சிகள் மாறியதுதான் சுவாரசியம்.

சம்பவம் நடந்த உடனே கொடுத்த வாக்குமூலங்களில் அக்கம்பக்கத்தார் அவர் கதறியதைச் சொல்கிறார்கள். அங்கே வந்த காவல்துறைப் பாதிரியார் ஒருவர், அவர் மறுபடி வீட்டுக்குள் ஓடப் பார்த்ததால் பிடித்துக் கைவிலங்கு போட வேண்டியிருந்தது என்கிறார். அடக்கப் போன அந்தப் பாதிரியாருக்கே கண்ணில் அடி. பிறகு இது திட்டமிட்ட தீவைப்பு என்று விசாரணை அதிகாரிகள் முடிவு செய்த செய்தி ஊரில் பரவுகிறது. அதற்கப்புறம் அதே ஆட்களின் குரல் மாறுகிறது. அழுகை நடிப்பாகத் தெரிந்ததாம். ஏதோ சரியில்லை என்று மனதில் பட்டதாம். பாதிரியாரும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டார். இவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பொய் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் உடைத்துவிடலாம். தனக்கே தெரியாமல் ஞாபகம் மாறிப்போன சாட்சியை உடைக்கவே முடியாது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

சிறைக் கைதியின் சாட்சியம் இன்னும் வேடிக்கை. கொள்ளை வழக்கில் உள்ளே இருந்த போதை அடிமை. பழக்கமே இல்லாத ஒருவர், கதவில் சாப்பாடு நீட்டும் ஓட்டை வழியாகத் தன்னிடம் கொலையை ஒப்புக்கொண்டார் என்றார். காரணம்? மனைவி ஒரு குழந்தையைக் காயப்படுத்திவிட்டாளாம், அதை மறைக்கத் தீ வைத்தாராம். குழந்தைகளின் உடலில் அப்படி ஒரு காயமே இல்லை. 2000ஆம் ஆண்டில் இதே கைதி, வில்லிங்ஹாம் நிரபராதி என்று எழுதி ஒரு மனு அனுப்பினார். அது எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போய்ச் சேரவில்லை. பிறகு அதிலிருந்தும் பின்வாங்கினார். 2014இல், பொய் சொல்ல வைத்தார்கள் என்றார். அரசு வக்கீலாக இருந்து பிறகு நீதிபதியான ஜான் ஜாக்சன் மீது, சலுகை தருவதாகச் சொன்னதை மறைத்தார் என்று மாநில வக்கீல் சங்கம் வழக்குப் போட்டது. 2017இல் ஜூரி அவர் தவறு செய்யவில்லை என்று விட்டுவிட்டது. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சுடலை அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொள்வார்.

என் வயிற்றெரிச்சல் வேறு. இவருக்கு வாதாடிய டேவிட் மார்ட்டின், தண்டனை நிறைவேறிய பிறகு, 2009இல், டிவியில் உட்கார்ந்து தன் கட்சிக்காரர் குற்றவாளிதான் என்கிறார்! வக்கீலாக இருப்பவன் இறந்துபோன கட்சிக்காரனைப் பற்றி இப்படிப் பேசலாமா? விசாரணையில் எதிர்த்தரப்பு நிறுத்திய சாட்சி ஒரே ஒருவர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த பெண். தீ பற்றிப் பேச நிபுணர் யாரும் இல்லை. ஒருவரைக் கேட்டுப் பார்த்தார்களாம், அவரும் தீவைப்பு என்றே சொன்னாராம். அதோடு விட்டுவிட்டார்கள்.

தண்டனைக் கட்டத்தில் நடந்தது அதைவிட மோசம். அவர் வீட்டுச் சுவரில் அயர்ன் மெய்டன் ராக் குழுவின் போஸ்டர் இருந்தது, மண்டையோட்டுப் படம். அதை ஒரு மனநலக்காரரிடம் காட்டி, இது எதைக் குறிக்கிறது என்று கேட்டார்கள். சாவு மோகம் என்பதுபோல் பதில். ஜேம்ஸ் கிரிக்சன் என்ற இன்னொரு மருத்துவர், வில்லிங்ஹாமை ஒருமுறைகூடப் பரிசோதிக்காமலே, திருத்தவே முடியாத சமூக விரோத மனம் என்று சாட்சி சொன்னார். இப்படிப் பார்க்காமலே நோய் சொல்லும் பழக்கத்துக்காக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1995இல் அவரை வெளியேற்றியது.

அரைடிக்கெட் எழுதியது:

என் ஹாஸ்டல் அறைச் சுவரைப் பார்த்தால் எனக்கு மூன்று ஆயுள் தண்டனை.

டாலஸ்_மீனாட்சி எழுதியது:

நான் டாலஸ் பக்கம் இருக்கிறேன். ஹூஸ்டனுக்குக் காரில் போகும்போது ஐ-45 சாலையில் கோர்சிகானாவைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே ஒரு பழைய பேக்கரியின் ஃப்ரூட் கேக் உலகப் பிரசித்தம், கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆபீஸில் யாராவது அந்தத் தகர டப்பாவைக் கொண்டு வந்துவிடுவார்கள். இந்த வழக்கைப் படித்த பிறகு அந்த ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்த்தால் கேக் ஞாபகம் வருவதில்லை.

எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு ஒருவரைத் தொடாமல் விட்டுவிட்டீர்கள். அந்த மனைவி. விசாரணையின்போது, அவர் என்னை அடிப்பார், பிள்ளைகளைத் தொட்டதில்லை, செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருந்தார் என்றுதான் அவர் சாட்சி சொன்னார். பிறகு விவாகரத்து ஆனது. சாவுக்குச் சில வாரம் முன்பு சிறையில் போய்ப் பார்த்தார். வழக்கு ஆவணங்களைப் படித்த பிறகு அவர்தான் செய்திருப்பார் என்று தோன்றுகிறது என்று உள்ளூர் பத்திரிகையிடம் சொன்னார். 2009இல் ஊரெல்லாம் இதைப் பேசத் தொடங்கிய பிறகு, அந்தக் கடைசிச் சந்திப்பில் வில்லிங்ஹாம் தன்னிடம் ஒப்புக்கொண்டார் என்று அறிக்கை கொடுத்தார். விவாகரத்து கேட்பேன் என்று பயந்து செய்ததாகச் சொன்னாராம்.

இதை வைத்து அவரைப் பொய்க்காரி என்று இணையத்தில் திட்டுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. மூன்று பிள்ளைகளை ஒரே காலையில் பறிகொடுத்தவர். "உன் புருஷன்தான் கொன்றான்" என்று ஊரும் கோர்ட்டும் சொல்லி, பத்து வருடம் கழித்து "இல்லை, யாருமே கொல்லவில்லை" என்று வேறு ஊர்க்காரர்கள் வந்து சொன்னால் அவர் எதைப் பிடித்துக்கொள்வார்? அவர் சொன்னதை ஆதாரமாக எடுக்கவும் எனக்கு மனமில்லை, அவரைக் கூண்டில் ஏற்றவும் மனமில்லை.

நெல்லை_சுடலை எழுதியது:

மீனாட்சி, நான் இந்த இழையில் கடைசியாகப் பிடித்துக்கொண்டிருந்த கொம்பு அதுதான். அதையும் நீயே எடுத்து வைத்துவிட்டாய், சரி.

ஆனாலும் ஒன்று. சாகும்போது ஒருவன் என்ன பேசுகிறான் என்று பார்க்க வேண்டாமா? செய்யாத குற்றத்துக்கு 12 வருடம் சிறையில் இருந்தேன் என்றான், சரி. அதே மூச்சில் பார்க்க வந்திருந்த முன்னாள் மனைவியைக் காது கூசுகிற மாதிரித் திட்டினான். பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை இல்லை.

இன்னொன்று, இந்த வழக்கை ஆராய்ந்த டெக்சாஸ் தடய அறிவியல் ஆணையமே அவன் நிரபராதி என்று சொல்லவில்லையே?

திண்ணைவாசி எழுதியது:

//ஆணையமே அவன் நிரபராதி என்று சொல்லவில்லையே?//

சொல்லவில்லை, உண்மை. சொல்ல விட்டார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஊசி போடுவதற்குச் சில நாள் முன்பு ஆஸ்டினைச் சேர்ந்த ஜெரால்ட் ஹர்ஸ்ட் என்ற வேதியியலாளர், கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கியவர், கையில் காசு வாங்காமல் இந்த வழக்கைப் படித்தார். அந்த இருபது சொச்சம் அடையாளங்களில் ஒன்றுகூட அறிவியலில் நிற்காது என்று அறிக்கை எழுதினார். கருணை மனு வாரியத்துக்கும் ஆளுநர் ரிக் பெர்ரிக்கும் அது போனது. வாரியம் ஒருமனதாக மறுத்துவிட்டது. பெர்ரி முப்பது நாள் அவகாசம்கூடத் தரவில்லை. அதே வருடம் அக்டோபரில், அதே டெக்சாஸில், எர்னஸ்ட் வில்லிஸ் என்பவர் 17 வருடம் மரண தண்டனைக் கைதியாக இருந்துவிட்டு விடுதலையானார். அவர் மீதும் தீவைப்பு வழக்கு, அங்கேயும் "ஊற்றிய" தடங்கள், அந்த வழக்கையும் ஆராய்ந்தவர் ஹர்ஸ்ட். வில்லிங்ஹாமுக்கு ஊசி எட்டு மாதம் முந்திக்கொண்டதுதான் வித்தியாசம்.

2005இல் அந்த ஆணையத்தை அமைத்தார்கள். ஆணையம் அமர்த்திய கிரெய்க் பெய்லர் என்ற நிபுணர் 2009 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தார். கோர்சிகானா தீயை விசாரித்த துணை தீத்தடுப்பு அதிகாரி மானுவல் வாஸ்குவெஸ் கோர்ட்டில் பேசிய விதம், பகுத்து ஆராய்கிறவர் பேச்சாக இல்லை, மாய மந்திரக்காரர் பேச்சாக இருக்கிறது என்ற தொனியில் எழுதியிருந்தார். வாஸ்குவெஸ் என்ன சொன்னார் தெரியுமா? தீ ஒரு கதை சொல்கிறது, நான் அதை மொழிபெயர்க்கிறேன், அவ்வளவே என்றார். அவர் விசாரித்த 1,200, 1,500 தீக்களில் ஏறக்குறைய எல்லாமே தீவைப்பாம். அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா உட்கார்ந்திருந்தார்!

பெய்லரை நேரில் விசாரிக்க ஆணையம் 2009 அக்டோபர் 2 அன்று கூடுவதாக இருந்தது. இரண்டு நாள் முன்பு பெர்ரி ஆணையத் தலைவரையும் வேறு உறுப்பினர்களையும் மாற்றினார். கூட்டம் ரத்து. 2011இல் மாநில அட்டர்னி ஜெனரல், 2005க்கு முந்தைய ஆதாரங்களை ஆராய ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று எழுதிக் கொடுத்தார். அதோடு முடிந்தது.

கடைசிப் பேச்சைப் பற்றிக் கேட்டீர்கள். அசிங்கமாகப் பேசினார், ஆமாம். எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அதை வைத்து 1991இல் பிள்ளைகள் அறையில் தீ எப்படிப் பிடித்தது என்று சொல்ல முடியாதே அண்ணாச்சி.

அரைடிக்கெட் எழுதியது:

குறி சொல்கிறவர்களை நம்பி ஆளைக் கொன்றது நம்ம ஊரில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சந்தேகம். அப்படியென்றால் தீ எப்படித்தான் பிடித்தது?

திண்ணைவாசி எழுதியது:

தெளிவாகச் சொல்ல முடியாது என்பதுதான் பெய்லர் வரை எல்லோரும் வந்து நிற்கும் இடம். பிள்ளைகள் அறையில் ஒரு ஹீட்டர் இருந்தது. மூத்தவள் அதை நோண்டுவாள், திட்டியிருக்கிறேன் என்று வில்லிங்ஹாமே விசாரணை அதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறார். மின்கோளாறும் சாத்தியம். அறை முழுக்க எரிந்துபோன பிறகு மிச்சம் இருப்பதை வைத்து அதற்குமேல் போக முடியாது.

ஓய்வுபெற்ற_ஏணி எழுதியது:

1992 பிப்ரவரியிலேயே அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் என்எஃப்பிஏ 921 என்ற வழிகாட்டியை வெளியிட்டுவிட்டது. இந்த விசாரணைக்கு ஆறு மாதம் முன்பு. அதில் காரணம் தெரியாவிட்டால் "தீர்மானிக்க முடியவில்லை" என்று எழுதலாம் என்று இடம் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் படிவத்திலும் "காரணம் அறியப்படவில்லை" என்று எழுத இடம் உண்டு. ஆனால் அதை எழுதினால் மேலே இருப்பவர், "சம்பவ இடத்துக்குப் போனாயா இல்லையா" என்பார்.

முன்னால் ஒரு வரி எழுதினேன், அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று. இரண்டு நாளாக அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். எண்பதுகளின் கடைசியில், ஊர் வேண்டாம், ஒரு கடை எரிந்தது. தரை சிமெண்டில் பலகை அடித்துத் தட்டு போட்டிருந்தார்கள். அணைத்த பிறகு பார்த்தால் பலகையில் குட்டை குட்டையாகக் கருகல், ஒரு ஓரத்திலிருந்து வாசல் வரை வால் மாதிரி. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அதைக் காலால் காட்டி, "பார்த்தியா, ஊத்தியிருக்கான்" என்றார். நானும் பார்த்தேன். உண்மையாகவே அப்படித்தான் தெரிந்தது. "எரிபொருள் ஊற்றப்பட்டிருக்கலாம் எனத் தெரிகிறது" என்று என் கையால் எழுதினேன். கடைக்காரருக்குக் கடன் இருந்தது, அது போலீஸுக்குப் போதுமாக இருந்தது.

இந்த லைம் தெரு சோதனையைப் பற்றி நான் படித்தது ஓய்வு பெற்ற பிறகு. படித்த அன்று ராத்திரி அந்தப் பலகைதான் கண்ணுக்குள் நின்றது.

நெல்லை_சுடலை எழுதியது:

ஏணி சார், அந்தக் கடைக்காரர் என்ன ஆனார்?

ஓய்வுபெற்ற_ஏணி எழுதியது:

விட்டுவிட்டார்கள். முக்கியமான சாட்சி ஒருவர் தேதிக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டேன். என்னைக் கூண்டில் ஏற்றியபோது எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை சார். படித்துக் காட்டச் சொன்னார்கள், படித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

நெல்லை_சுடலை எழுதியது:

திண்ணை, அந்தப் பெய்லர் அறிக்கை முழுசாக இணையத்தில் கிடைத்தால் ஒரு சுட்டி போடு. இங்கிலீஷில் இருந்தாலும் பரவாயில்லை, மகனை விட்டுப் படிக்கச் சொல்கிறேன். அவன் நல்லவன் என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.